கோகிலவாணி மாற்றித் தந்த மேளம்

போளூரில் கோகிலவாணியின் ஒலிப்பதிவு அறைக்கு முதல் தடவை போனபோது எனக்குக் குளிர்காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. மலையிலிருந்து அம்மன் பாட்டுப் பாடும் ஐந்து பெண்கள் ஜீப்பும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறோம், என்னால் பாட்டு நின்றுவிடக் கூடாது. நான் மைக் முன்னால் நின்றதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஃபேன் சத்தம் மைக்ல ஏறுதுக்கா" என்று விசிறியை நிறுத்திவிட்டாள். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்து வேலை பார்த்தாள். எனக்கு முன்னால் பாடியவர்களுக்கு அதே விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பது திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளும் எங்கள் புதூர்நாட்டுப் பெண்தான். வீட்டில் சாமையும் புளியும்தான் வருமானம். திருவண்ணாமலையில் படித்துவிட்டு, போளூர் கடைத்தெருவில் ஒரு மாடி அறையை எடுத்து, பக்திப் பாட்டும் கல்யாணப் பாட்டும் பதிந்து கொடுத்தாள்.

எங்கள் காளியம்மன் கோயில் மேளம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கீழே திருவிழாவுக்குக் கூப்பிட்டால் நாங்கள் கைத்தாளம் போட்டுத்தான் பாடுவோம். மேளத்தின் சத்தத்தையாவது பதிந்து எடுத்துப் போகலாமா என்று கேட்டவள் கோகிலவாணி. பூசாரி கோபால்சாமி ஐயா அம்மனிடம் பூக் கேட்டார். வலப்பக்கம் விழுந்தது.

"ஒரு தடவைதாம்மா. திரும்பத் திரும்பப் பூக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு தடவையில் அவள் ஒவ்வொரு தட்டையும் மெல்லியதாக, நடுத்தரமாக, ஓங்கியதாகத் தனித்தனியே பதிந்தாள். பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக் கீபோர்டோடு இணைத்தாள். கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லிய தட்டு வரும், அழுத்தினால் ஓங்கிய தட்டு வரும். எந்தக் கட்டைக்கு எந்தத் தட்டு, எவ்வளவு அழுத்தத்துக்கு எது, தட்டிய பிறகு அதன் கார்வை எதுவரை நிற்க வேண்டும் என்று எல்லாம் அவள் அமைத்து வைத்ததுதான்.

போளூர் ஆடித் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிக்கிற பையன் கலையரசன். மேடைக்குப் போவது அவனுடைய கம்ப்யூட்டர்தான், அதில் இருந்தது வேறு மென்பொருள். அதற்கு ஏற்றபடி மேளத்தை மாற்றினாள் கோகிலவாணி. சத்தமெல்லாம் வந்து சேர்ந்தது, அவள் வைத்த அமைப்பு வரவில்லை. எப்படித் தொட்டாலும் ஓங்கிய தட்டு மட்டும்தான் விழுந்தது.

அம்மனை வரச்சொல்லும் எங்கள் அழைப்புப் பாட்டுக்கு முன்னால் மூன்று தட்டு உண்டு. பிள்ளை தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி அது விழ வேண்டும். மேளம் வைத்துப் பாடும்போது அது அப்படி விழாவிட்டால் நாங்கள் வாய் திறப்பதில்லை. அது வழக்கம். மறுநாள் திருவிழா, நாங்கள் அவள் அறையில் காத்திருந்தோம்.

"இன்னாக்கா இது? கூட்டத்துல பட்டாசு வெடிக்கும், மைக் செட்டு அலறும். மூணு தட்டு மெதுவா வுழுந்தா இன்னா, ஓங்கி வுழுந்தா இன்னா? யார் கேக்கப்போறா?" என்றான் கலையரசன்.

"யாருக்காகப் பாடுறாங்களோ அவங்க கேப்பாங்க" என்றாள் கோகிலவாணி, திரையை விட்டுத் திரும்பாமல்.

"சாமிகிட்ட நானே சாரி சொல்லிக்கிறேன்."

"புது பைக்குக்கே இன்னும் பூஜை போடாதவன் நீ. உன் சாரிய யாரு வாங்குவா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. "வரலைன்னா வுட்ரும்மா. பாடாம வூட்டுக்குப் போய்ட்டு, அடுத்த வருஷம் வர்றோம்" என்றேன்.

அவள் அப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "அம்மன் ஒரு தடவை குடுத்ததுக்கா. என் கையில தொலைஞ்சிச்சின்னு ஆயிடக் கூடாது."

தன் கம்ப்யூட்டரையும் கலையரசனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதில் போட்டாள். எண் ஒன்றாக இருந்தும் சத்தம் ஒன்றாக இல்லை. விரலின் அழுத்தத்தை இரண்டும் இரண்டு விதமாக அளக்கிறதாம். அப்புறம் எண்ணை நம்பவில்லை. ஒவ்வொரு தட்டையும் இங்கே கேட்டு, அங்கே கேட்டு, காது ஒப்பும்வரை திருத்தினாள். சாயங்காலம் அவள் தொட்டபோது மூன்று தட்டும் எங்கள் கோயிலில் கேட்ட மாதிரியே விழுந்தன. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கலையரசன் தொட்டான். டம் டம் டம்!

"கட்டையத் தொடச் சொன்னா களி கிண்டுறியே!" என்று சிரித்துவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. மெல்லத் தொட எத்தனையோ முறை பார்த்தான், வரவில்லை.

"சரி வுடு. உன் விரலு அப்படி. அதுக்கு ஏத்த மாதிரி இத மாத்துறேன்" என்று மறுபடி உட்கார்ந்தாள். அவனைத் தொடச் சொல்லிச் சொல்லி, அவன் கைக்கு இசைகிற மாதிரி அழுத்தக் கணக்கையே மாற்றி அமைத்தாள்.

மறுநாள் மேடை. கோபால்சாமி ஐயா மலையிலிருந்து இறங்கி வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கலையரசன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான், யாரும் சொல்லவில்லை. முதல் தட்டு விழுந்தது. ஐயா நிமிர்ந்தார். இரண்டாவதுக்குத் தோள் துண்டை எடுத்தார். மூன்றாவதுக்கு அதை இடுப்பில் கட்டிக் கை கூப்பினார். கோயில் மேளத்துக்கு முன்னால் தவிர வேறெங்கும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பெண் செய்த காரியம் இது என்று நெஞ்சு நிறைந்து பாடினேன்.

அடுத்த தை மாதம் அவளுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போளூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மன் குங்குமத்தை நெற்றியில் இட்டுவிட்டேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"கலை நாளைக்கே வேற கம்ப்யூட்டர் வாங்குவான்க்கா. மூணு தட்டும் மெல்லமா வுழுதான்னு மொதல்ல கேளுங்க, அப்பறமா வாயத் தொறங்க. வுழலைன்னா போன் போடுங்க, பொறப்பட்டு வர்றேன்."