நடுச்சுவருக்குள் ஒரு குழாய்

துவைக்கிற இடத்துக் குழாயில் அம்மாவுக்கு ஷாக் அடித்தது. முதல் நாள், லேசாகச் சுரீரென்றது என்றாள். இரண்டாம் நாள் கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னால், "ஈரக் கையோட தொட்டா அப்பிடித்தான் இருக்கும். செருப்பப் போட்டுக்கிட்டுத் தொவைக்கச் சொல்லு" என்றார். அறுபத்தெட்டு வயதில் அம்மா ரப்பர் செருப்போடு துவைக்க ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு உயிர் போகப் பார்க்கிறது, இவர் செருப்பு வைத்தியம் சொல்கிறார்.

வடுகபட்டியில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. சுவரில் மரச்சட்டம் அடித்து அதற்குள் ஒயரை ஓட்டிய காலத்து வயரிங். எங்கே தொட்டாலும் ஒயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். போதாக்குறைக்கு அப்பாவின் கைவேலை வேறு. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று மூன்று கம்பியைச் சேர்த்து முறுக்கி மாட்டிவிட்டு, "அதுக்கப்புறம் ஒரு நாளாவது போச்சா?" என்று பெருமையும் பட்டுக்கொள்வார். மொத்தத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஓட்ட வேண்டும் என்று ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

எலக்ட்ரீசியன் தேவதானப்பட்டிக்காரர். எனக்குத் தேனியில் ஆபீஸ். சனி, ஞாயிறுதான் லீவு. அவருக்கோ சனிக்கிழமை என்றால் குச்சனூர் சனீஸ்வரன் கோயில். ஏழரைச் சனி நடக்கிறதாம், அது முடிகிறவரை சனிக்கிழமை கரண்டைத் தொடமாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை எங்காவது காதுகுத்து இருக்கும். நாலு வாரம் இழுத்தடித்த பிறகு, நானே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை அவரைப் பிடித்தேன்.

வந்தவர் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். எரியவில்லை.

"இங்கன ஒண்ணும் இல்லையேம்மா."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நல்லவேளை, அம்மா வாயைத் திறந்தாள். "எப்பவும் அடிக்காதுங்க. காலையிலதான் அடிக்கும்." பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தோம். குளியலறை ஹீட்டரைப் போட்டதும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

ஹீட்டரில் கரண்ட் கசிகிறது. கசிவதை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் எர்த் ஒயர். அது எங்கே போகிறதென்று எலக்ட்ரீசியன் தேடிக்கொண்டே போக, நடுச்சுவருக்குள் இருக்கும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டுவார்களாம். குழாய் மண்ணுக்குள் போகிறவரை பிரச்சினை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் அடிப்பகுதி துருப்பிடித்ததும், வெட்டிவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டவர் அப்பா. ஆள் கூப்பிடாமல் தானே போட்டார்.

"பிளாஸ்டிக்குல கரண்டு எப்பிடிய்யா எறங்கும்?" என்றார் எலக்ட்ரீசியன்.

"தண்ணி எறங்குதுல்ல?" என்றார் அப்பா.

இந்த மனுஷரோடு எதைப் பேசுவது? ஆனால் உண்மையான தலைவலி அதற்கப்புறம்தான் வந்தது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, அந்தச் சுவரின் ஒன்பது அங்குலம் யார் பங்கில் விழுகிறதென்று அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. தென்னையைப் பிரித்தார்கள், உரலைக்கூடப் பிரித்தார்கள். சுவருக்குள் ஓடும் இந்த ஒற்றைக் குழாய் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. இந்தப் பக்கம் எங்களுக்கும் அந்தப் பக்கம் அவர்களுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர்.

"சொவத்த ஒடைக்கணும்ய்யா. அந்த வீட்டு மெயினையும் ஆஃப் பண்ணச் சொல்லணும். அவுகட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார் எலக்ட்ரீசியன்.

அப்பா கொல்லைக்குப் போய், மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக, "இங்கன வயரிங் வேலை நடக்குது. சிலபேரு மெயின ஆஃப் பண்ணுனாத் தேவல!" என்றார். ஒன்பது வருஷமாக இதுதான் இரண்டு வீட்டுக்கும் தபால். சுவருக்கு அப்பால் குக்கர் விசில் அடித்தது. அப்பா கோழியிடம் இன்னொரு தடவை சொல்லப் போனார்.

"போதும்ப்பா" என்று கத்திவிட்டு நானே கிளம்பினேன்.

கதவைத் திறந்த சித்தி என்னைப் பார்த்துப் பயந்துபோனார், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று. குழாய், ஹீட்டர், அம்மாவுக்கு அடித்த ஷாக் என்று எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"எந்நேரம் ஹீட்டர் போடுவீக?"

"காலையில அஞ்சரைக்கு. ஏன் சித்தி?"

சித்தி என்னை உள்ளே கூட்டிப்போனார். சித்தப்பா கட்டிலில் படுத்திருந்தார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததென்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் நான் வந்து பார்க்கவில்லை.

"இவுக, 'வழுக்கலடி, கொழாயத் தொட்டேன், தூக்கி எறிஞ்சிருச்சு'ன்னு அன்னையிலருந்து சொல்லிக்கிட்டே இருக்காக. விழுந்த பயத்துல ஒளறுறாகன்னு நான் நம்பவே இல்ல. அஞ்சே முக்காலு இருக்கும்மா அப்ப" என்றார் சித்தி.

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்து, "நான்தான் சொன்னேன்ல" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, மெயின ஆஃப் பண்ணுவாகளாமா?"

ஒன்று விடாமல் சொன்னேன். பிளாஸ்டிக் குழாய், ஹீட்டர், அஞ்சே முக்கால், எல்லாவற்றையும். கத்தித்தான் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும். "எனக்கென்ன தெரியும்" என்று எரிந்து விழுவார், பதிலுக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார். பிறகு, "அண்ணேன்னுதான் கூப்பிட்டான்" என்றார்.