மணிலாவின் கோபுரமும் பாகலூர் ரோட்டு மாடிப்படியும்

மணிலாவின் அந்தக் கோபுரத்தை நான் முதலில் பார்த்தது ஓசூர் பாகலூர் ரோட்டில், ஒரு மாடிப்படியின் சுவரில். கீழே செல்போன் கடை. மேலே வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம். ஏறுகிற வழியெல்லாம் பெரிய பெரிய படங்களாக ஒட்டியிருந்தான். உச்சியில் சிலுவை வைத்த கடிகாரக் கோபுரம், அதன் கீழே 'ஆசியாவின் மிகப் பழமையான பல்கலைக்கழகம்' என்று கொட்டை எழுத்து. அடுத்தது கல்லால் கட்டிய தேவாலயம், பிலிப்பைன்ஸிலேயே பழையது. அதற்கும் மேலே பாசி படிந்த கோட்டை வாசல். மேலே போய்ச் சேர்வதற்குள் எனக்கும் அப்பாவுக்கும் வாய் அடைத்துவிட்டது.

அந்த அலுவலகத்து ஆளை 'அவன்' என்றுதான் எழுதுவேன். 'அவர்' என்று எழுத இந்தக் கைக்கு மனசு வரவில்லை.

என் அப்பா பேரிகைப் பக்கம் தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறவர். எங்கள் பக்கத்தில் பலரையும் போல வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம் என்று மாறி மாறிப் பேசுவார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நீட் தேர்வில் எனக்கு வந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி கிடைக்காது என்று தெரிந்ததும் நான் அழுத அழுகையைப் பார்த்துத்தான் அவர் அந்தப் படியேறினார்.

"அண்ணா, இங்க பாருங்க" என்று அவன் மேஜைமேல் படங்களைப் பரப்பினான். "நம்ம நாட்டுல வெள்ளைக்காரன் வந்து காலேஜ் கட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க யுனிவர்சிட்டி வந்துடுச்சுங்க. அந்த மண்ணுல படிச்சுட்டு வந்தா பாப்பாவோட மரியாதையே வேறங்க."

அப்பா படத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாப்பா படிக்கப்போறது இதே காலேஜுங்களா?"

"அந்த நாட்டுல எல்லாமே அதே ஸ்டாண்டர்டுதாங்கண்ணா."

அவன் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. அப்பா நேராகக் கேட்டார், அவன் வளைத்துப் பதில் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது கோபுரம்தான் கண்ணில் நின்றதே தவிர, அந்தப் பதிலின் வளைவு உறைக்கவில்லை. அவன் கேட்ட பணத்துக்காக, ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் நிலம் ஒரு கம்பெனியின் கிடங்குக்குப் போனது. நான் விமானம் ஏறினேன்.

மணிலாவில் இறக்கி, வேறு விமானம் மாற்றி, தெற்கே ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். கல்லூரி என்று வேன் நின்ற இடத்தில் கீழே ஒரு வங்கியும் கோழி பொரிக்கும் கடையும் இருந்தன. மேல் மாடிகளில்தான் கல்லூரி. என்னோடு வந்த தருமபுரிப் பையன், "டவர் எங்கடா?" என்று கழுத்தை உயர்த்தித் தேடினான். மொட்டைமாடியில் செல்போன் டவர்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள் நல்லவர்கள். தாங்கள் அந்தப் பழைய பல்கலைக்கழகம் என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது எங்கள் ஊரில் உட்கார்ந்திருந்தவன். அவனுக்கே போன் செய்தேன்.

"சார், இது அந்தக் காலேஜ் இல்லீங்களே?"

"எந்தக் காலேஜும்மா?"

"படியில ஒட்டியிருந்தீங்களே, கோபுரம் வெச்சது."

"அதுவா? அது அந்த நாட்டுக்கு விளம்பரம்மா. இந்தியாவுக்கு வாங்கன்னு தாஜ்மஹால் படம் போடுறாங்க. வர்றவன் எல்லாம் தாஜ்மஹால்லயா குடியிருக்கான்?" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகும்.

இரண்டு வருடம் படித்தேன். அதற்குள் பெரிய இடியே வந்தது. அங்கே நாங்கள் முதலில் படிக்கிற அறிவியல் பட்டப்படிப்பு இந்தியாவில் மருத்துவப் படிப்புக் காலமாகக் கணக்கில் சேராது, முடித்துவிட்டு வந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாமல் போகலாம் என்று தெரிந்தது. சீனியர்கள் அவனைக் கேட்டபோது, "பாத்துக்கலாம், எல்லாம் மாறும்" என்றானாம். மாறவில்லை. அவனும் ஆள் அனுப்புவதை நிறுத்தவில்லை. நான் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் அறைத்தோழி அந்த நாட்டுக்காரி, மணிலாப் பக்கம் வீடு. "போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வா. உன்னை ஏமாற்றிய கட்டடத்தையாவது ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போ" என்றாள்.

பார்த்தேன். கோபுரம் படத்தில் இருந்ததைவிட அழகாகவே இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளைச் சீருடையில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் வயதுதான் அவர்களுக்கும்.

"இதில் இன்னொரு வேடிக்கை தெரியுமா?" என்றாள் தோழி. "பல்கலைக்கழகம்தான் நானூறு வருடப் பழசு. இந்தக் கட்டடத்துக்கு நூறு வயதைச் சொல்வதே அதிகம். பழைய கட்டடம் மதில் நகரத்துக்குள் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் போய்விட்டது."

வாசல் பக்கம் ஒரு கல் வளைவு நின்றது. அந்தப் பழைய கட்டடத்து வாசலின் கற்களைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிற மாணவர்கள் அதற்குள் நடந்து உள்ளே வருவார்களாம், பட்டம் வாங்கும்போது அதன் வழியே வெளியே போவார்களாம். நடுவில் அந்த வழியாக வெளியேறினால் படிப்பு முடியாது என்று ஒரு பயம். தோழி அதைச் சொன்னதும் நான் விறுவிறுவென்று போய் அந்த வளைவுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தேன். முடியாத படிப்புக்கு இனி எந்த வளைவு என்ன செய்துவிடும்? காவலாளி என்னை ஒருமாதிரி பார்த்தார்.

பிறகு மதில் நகரம். ஸ்பானியர்கள் கட்டிய ஊர். மதில்மேல் ஏறி நடக்கலாம், ஆட்டோவைவிட அகலமான மதில். நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். என் தோழிக்கு முகம் கடுத்துப்போயிருந்தது.

"பழசு பழசு என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள்" என்றாள். "இந்தக் கல்லைச் சுமந்தது எங்கள் ஆட்கள். கூலி கொடுத்துக் கூப்பிடவில்லை, பிடித்துக்கொண்டு வந்தார்கள். கட்டி முடித்ததும், மதிலுக்கு வெளியே போய் இருங்கள் என்றார்கள். பல்கலைக்கழகமும் முதலில் எங்களுக்காக இல்லை."

கோட்டைக்குள் தரையில் பித்தளையில் பாதச்சுவடுகள் பதித்திருந்தார்கள். அந்த நாட்டுக்காகப் பேனா பிடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவர், சிறையிலிருந்து கொலைக்களத்துக்கு நடந்த வழி அது. சுற்றுலா வந்தவர்கள் அதில் கால் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோழி ஓரமாக நடந்தாள். இடுக்கமான நிலவறைகளின் முன்னால் நின்று, "என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனை ஜப்பான்காரர்கள் இதற்குள் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை" என்றாள். பிறகு அமெரிக்கர்கள் ஊரை மீட்க வந்து குண்டு போட்டதில் மதிலுக்குள் இருந்த தேவாலயங்களில் ஒன்று மட்டும்தான் நின்றதாம். மாடிப்படியில் நான் பார்த்த இரண்டாவது படம் அதுதான்.

அதற்குள்ளும் போனோம். கூரையில் பூவேலைப்பாடு செதுக்கியதுபோல் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் வெறும் ஓவியம். நிலநடுக்கம், போர், எல்லாவற்றுக்கும் தப்பிய சுவர்கள். இத்தனை சாவு நடந்த இடத்தின் படத்தை, 'வாங்க சேருங்க' என்று எங்கள் ஊர் மாடிப்படியில் ஒட்டியிருக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. என்னை ஏமாற்றியது ஒருபக்கம். இந்த இடத்தைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தெரியாமல் அதை வைத்து வியாபாரம் செய்தானே, அதற்கும் சேர்த்து எரிந்தது.

தோழியின் வீடு ஊருக்கு வெளியே கைன்டா என்ற இடத்தில். அவள் அம்மா கதவைத் திறந்ததும் நான் நின்றுவிட்டேன். சூளகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தால் தெலுங்கில் பேசியிருப்பேன், அப்படி ஒரு முகம். அவரும் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அனாக்" என்றார். பிள்ளை என்று அர்த்தம். "உனக்கு என் பாட்டி முகம். எங்கள் ஊருக்கு உன் ஊர்க்காரர்கள் வந்து இருநூற்றைம்பது வருடம் ஆகிறது, தெரியாதா?"

தெரியாது. ஆங்கிலேயர்கள் மணிலாவைப் பிடிக்கப் போனபோது மதராஸிலிருந்து சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊரைக் கொள்ளையடித்தார்கள், அந்தக் கல் தேவாலயத்தையும் விடவில்லை. இரண்டு வருடத்தில் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது, சிப்பாய்களில் பலர் கப்பல் ஏறவில்லை. அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். அந்த வம்சம் அந்த ஊரில் இன்னும் இருக்கிறது.

அவர் கடலைக் குழம்பு மாதிரி ஒன்று செய்து பரிமாறினார். அதன் பெயர் கரே-கரே. "உங்கள் கறிதான் இப்படி ஆனது" என்றார். நிலக்கடலை வாசனை தூக்கலாக, காரமே இல்லாமல் இருந்தது. எங்கள் வீட்டுக் குழம்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அந்தச் சிப்பாய்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களையும் எவனோ ஒருவன் ஆசைகாட்டித்தானே கப்பலேற்றியிருப்பான். அவர்களிடம் என்ன சொன்னானோ.

ஊருக்கு வந்தபோது அப்பா விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டாரே தவிர எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். நிலத்தை விற்றதற்குச் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளைவிட, அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே அதற்கான படிப்பையும் ஆரம்பித்தேன்.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்தேன். அதே கோபுரம். கல்யாண மண்டபத்தில் இலவசக் கருத்தரங்கு, ஞாயிறு காலை, மதிய உணவு உண்டு. அப்பாவிடம் சொன்னேன். "நானும் வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. குந்தாரப்பள்ளி, குருபரப்பள்ளிப் பக்கத்துச் சனம், கம்பெனிச் சீருடையோடு வந்த அப்பாக்கள், பட்டுப்புடவை கட்டி வந்த அம்மாக்கள். அவன் மேடையில் திரையைக் காட்டி, "ஆசியாவிலேயே பழமையான..." என்று ஆரம்பித்தபோது நான் எழுந்தேன்.

"சார், நீங்க அனுப்புற பிள்ளைங்க இந்தக் காலேஜ்லயா படிக்கிறாங்க? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "கேள்வி நேரம் கடைசியில இருக்கும்மா."

"ஒரு வார்த்தைதான் சார். ஆமாவா, இல்லயா?"

"இவங்க அங்க போய்ப் படிக்க முடியாம பாதியில ஓடி வந்தவங்க" என்று அவன் மைக்கில் சொன்னான். "எல்லாத் தொழில்லயும் இப்படி நாலு பேரு இருப்பாங்க. கண்டுக்காதீங்க."

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் உட்காரவில்லை. "நான் எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணேன். படிச்ச காலேஜ் கோழிக்கடை மாடியில இருந்துச்சு. நீங்க காட்டுற கட்டடத்தை நான் வாசல்ல நின்னு பார்த்தேன். அந்தப் படிப்பு இங்க செல்லுமான்னு இவங்க கிட்ட சொன்னீங்களா?"

பக்கவாட்டிலிருந்து இரண்டு பேர் என்னை வெளியே தள்ள வந்தார்கள். அப்போது அப்பா எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன்.

"என் பொண்ணு மேல கை வெச்சுப் பாருங்கடா" என்றார். பிறகு மேடையைப் பார்த்துத் தெலுங்கில், "ஏமய்யா" என்று தொடங்கித் தமிழுக்கு வந்தார். "உன் மேஜை முன்னாடி உக்காந்து, இதே காலேஜான்னு நான் கேட்டேனா இல்லயா? நீ என்னா சொன்ன? இப்ப இவங்க எல்லாரு முன்னாடியும் அதையே சொல்லு."

அவன் மேடையோரம் நின்றவனுக்குக் கை காட்டினான். மைக் அணைந்தது. காலையிலேயே, சாப்பாடு தயாராகிவிட்டது என்று யாரோ அறிவித்தார்கள்.

பாதிக் கூட்டம் எழுந்து போனது. மீதிப் பாதி போகவில்லை, அதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. எங்கள் கண்முன்னாலேயே சிலர் போய் அவன் ஆட்களிடம் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் அப்பாவிடமே வந்து, "உங்க பொண்ணுக்கு ராசியில்ல, அதுக்காக மத்தவங்க பிள்ளைங்களும் போகக்கூடாதா?" என்றார். அப்பா அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

வெளியே வண்டி எடுக்கும்போது ஒரு அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் டிபன் கடை வைத்திருக்கிறவராம். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, என் பொண்ணை எங்க அண்ணன் ஏற்கெனவே சேர்த்துட்டாரு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. இப்ப நான் என்னா பண்றது?"

"போக வேண்டாம்னு சொல்லுங்கம்மா."

"சொன்னா கேக்க மாட்டாங்க. எங்க வீட்ல எம்பேச்சு எடுபடாது." அவர் கண் கலங்கவில்லை, கோபத்தில் சிவந்திருந்தது. "அந்த ஊர்ல நம்பிப் பேசற மாதிரி யாராச்சும் இருக்காங்களா?"

என் தோழியின் எண்ணை அவருடைய போனில் போட்டேன். பேர் எப்படிப் போடுவது என்று கேட்டார். கைன்டா அக்கா என்று போடச் சொன்னேன்.

"நம்ம ஆளுங்களா?" என்றார்.

"ஒருவகையில நம்ம ஆளுங்கதாம்மா" என்றேன். அப்பா ஹாரன் அடித்தார். அவர் முகம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.