நாஸ்டால்ஜியாவுக்கு மூன்று நாள் லீவு

1. மண் திருட்டு

சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவனுக்கு அங்கே கிடைத்த ஒரே இலக்கியப் பணி லீவு லெட்டர் வாசிப்பது. சீசன் வந்தால் அதுவும் போய்விடும். மரவள்ளிக் கிழங்கு வரும் மாதங்களில் வியாதிக்குத் தவிர எதற்கும் லீவு கிடையாது என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

ஒருநாள் காலை அவரே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னாய்யா நடக்குது இங்க? அரவை மெஷின் காளியப்பன் மண்ணு திருடிக்கினு இருக்கான்."

"மண்ணா சார்?"

"கிழங்குல ஒட்டிக்கினு வருதே, அந்த மண்ணு. எடையில கழிச்சிட்டுக் கீழ தட்டுறோம்ல? அத டின்னுல அள்ளி வெச்சிருக்கான். எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

போய்ப் பார்த்தேன். மெஷின் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டின், அது நிறையச் செம்மண். காளியப்பன் அதில் தண்ணீர் தெளித்து, குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் அவர் ஊர். மலைக் கிழங்கு லாரி வரத் தொடங்கியதிலிருந்து இப்படித்தானாம்.

"எங்க ஊரு மண்ணு சார். மோந்தா வூட்டு வாசல்ல நிக்கிற மாதிரி கீது. சோறு எறங்கல. தூக்கமும் கம்மி. லீவு இல்லன்னா கணக்க முடிச்சிடுங்க, போயிடறேன்."

அவர் போனால் அந்தக் கிழட்டு மெஷின் வேறு யாருக்கும் அடங்காது. மலையில் அவருக்கு வேறு சம்பளமும் கிடையாது.

2. வியாதியின் பெயர்

என் எம்.ஏ. அன்றுதான் முதன்முதலாக வேலைக்கு வந்தது. பழைய பாட்டைக் கேட்டு உருகுவதை இப்போது நாஸ்டால்ஜியா என்கிறோம். அந்தச் சொல் பிறந்தபோது அது ஒரு வியாதி. வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து, சுவிட்சர்லாந்து மருத்துவர் ஒருவர் சூட்டிய பெயர். பிற நாடுகளில் கூலிக்குச் சண்டை போடப் போன மலைநாட்டுச் சிப்பாய்கள் ஊர் நினைப்பிலேயே இளைத்தார்களாம். கைகண்ட மருந்து, ஊருக்கு அனுப்புவது.

காளியப்பனுக்காக நானே லெட்டர் எழுதினேன்: நாஸ்டால்ஜியாவால் அவதிப்படுவதால் மூன்று நாள் விடுப்பு வேண்டும்.

மேனேஜர் திரும்பத் திரும்பப் படித்தார். "இது தொத்துமாய்யா?"

"தொத்தும் சார். வெளியூர்ல தங்கி வேலை செய்யறவங்களுக்கு ஜாஸ்தி."

"எங்க வலிக்கும்?"

இடத்தைக் காட்டத் தெரியாமல், சிப்பாய்கள் கதை முழுவதையும் சொன்னேன். மேனேஜரின் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை ஒன்றும் கடல் கடந்து இல்லை. ஆனாலும் சீசன் தொடங்கியதிலிருந்து அவருக்குப் படுக்கை ஆலை ரூமில்தான்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்பிடித்தான் கீதுய்யா" என்று கையெழுத்துப் போட்டார்.

3. வைத்தியம்

அன்று ஷிப்டு முடிந்து ஊருக்குப் போன காளியப்பன் மறுநாள் சாயங்காலமே கேட்டில் நின்றார். மேனேஜர் பதறிப்போனார்.

"இன்னாப்பா, வூட்ல எதனா பிரச்சினையா?"

"இல்ல சார். கோழி அடிச்சிப் போட்டாங்க, நல்லா துன்னேன். படுத்தா ஒரே அமைதி. மெஷின் சத்தம் இல்லாம கண்ணே மூடல. எம் பொண்டாட்டி சொல்லிட்டா, 'உனுக்கு வூடு அங்கியா இங்கியான்னு தெரிஞ்சிக்கினு வா மாமா'ன்னு."

சொல்லிவிட்டு, ஓடும் மெஷின் ஓரமாகச் சாக்கை விரித்து, ஷிப்டு தொடங்கும்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

"மீதி ரெண்டு நாள் வீணாவுதே" என்றார் மேனேஜர். கொஞ்ச நேரத்தில் பையோடு வெளியே வந்தார். தன் ஊர் வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை பஸ் எப்போது என்று மட்டும் கேட்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சொல்லின் பிறப்பைத் தெரிந்து வைத்திருங்கள், என்றைக்காவது யாரையாவது பஸ் ஏற்றிவிட உதவும். வலிப்பது எந்த வீடு என்பதை மட்டும் அந்தச் சொல்லிடம் கேட்காதீர்கள்.

தொத்தும் என்று மேனேஜரிடம் அன்று சும்மாதான் சொன்னேன். ஆலையை விட்டு வந்தபிறகு, சமையலறையில் மிக்ஸி ஓடினால்தான் எனக்கு மத்தியானத் தூக்கம் வருகிறது.