சட்டைப்பையில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்

கடந்த ஆண்டு மாசி மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனை மாவு மில்லில் நடந்தது இது. மிளகாய் வத்தல் அரைக்கச் சென்றிருந்தேன். மகன் மறைந்தபின், எதையும் எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வரும் பழக்கம் என்னைவிட்டுப் போயிருந்தது. அரைத்து முடியும்வரை இயந்திரத்தருகிலேயே நிற்பேன்.

"செங்கப்பொடியக் கலந்துருவாகன்னு காவலுக்கு நிக்காக போல" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி. மில்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை; அந்த எண்ணமும் எனக்கு இருந்தது.

என் வத்தலைக் கொட்டியதும் பெல்ட் சக்கரத்தைவிட்டு நழுவியது. மில்காரர் மோட்டாரை நிறுத்த எழுவதற்குள் மின்சாரமே நின்றுவிட்டது.

"நல்லதாப் போச்சு, அணைக்கிற வேல மிச்சம்" என்று இயந்திரத்தின் பின்னால் போய்க் குந்தினார்.

மெயினை அணைத்துவிட்டுக் கை வைக்கும்படி சொன்னேன்.

"கரண்டே இல்லியே சார். வந்தாலும் பச்சப் பட்டன அமுக்குனாத்தான் ஓடும். எங்க வீட்டுக்காரியத் தவிர அத யாரும் தொட மாட்டாக."

அந்த மனைவியையும் நான் நம்பவில்லை. அவர் அப்போது கடைவீதிக்குப் போயிருந்தார். என் மகன் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பொறியாளராக இருந்தவன். நிறுத்தப்பட்டிருப்பதாகச் சொல்லப்பட்ட இயந்திரத்துக்குள்தான் அவனும் கையை விட்டான். அதற்குமேல் எழுத இயலவில்லை.

மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளையும் கழற்றி என்னிடம் தராவிட்டால் வத்தலை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றேன்.

"காலேஜ் வாத்தியாருன்னா இம்புட்டுச் சந்தேகமா?" என்று முணுமுணுத்தபடி மெயினை அணைத்து, மூன்று கட்டைகளையும் பிடுங்கிக் கொடுத்தார். பெட்டியை மூடிவிட்டு மறுபடியும் பின்னால் போனார். கட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மின்சாரம் வந்து விளக்கு எரிந்தது. மோட்டாரின் மெயினோடு சேராத தனி லைன் அதற்கு. அந்நேரம் பார்த்து மில்காரரின் மனைவி பையோடு உள்ளே நுழைந்தார். காத்திருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பதற்றம்.

"மெயின யாரு அணைச்சது? கூட்டம் நிக்கிறது தெரியலியா?"

நான் வாய் திறப்பதற்குள் கைப்பிடியை மேலே தள்ளிப் பச்சைப் பட்டனை அமுக்கினார். ஒன்றும் ஓடவில்லை. மறுபடியும் அமுக்கினார்.

"ஏங்க, எங்க இருக்கீக? மோட்டாரு காந்திருச்சா?"

இயந்திரத்தின் பின்னால் எட்டிப் பார்த்தேன். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த கைகளை மில்காரர் எடுக்கவே இல்லை, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வெளியே எடுத்து, என்னிடம் தணிந்த குரலில், "அவகிட்டச் சொல்லிராதீக சார், தாங்க மாட்டா" என்றார்.

சொன்னேன். சொல்லாமல் வர எனக்கு அவர்மேலும் நம்பிக்கை இல்லை. கட்டைகளை அந்த அம்மாவின் கையில் வைத்து, கணவர் வெளியே வந்து தாமே கேட்கும்வரை தரக் கூடாது என்றேன். அவர் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சந்தேகம் குடும்பத்தைக் கெடுக்கும் என்பார்கள். அன்று அது ஒரு குடும்பத்துக்கு இரண்டு கைகளை மிச்சம் வைத்தது. எங்கள் வீட்டுக்குத்தான் அது சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.