காட்சியை எடுத்துவிடச் சொன்னவர்

என் மகனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்ப அனுமதி கேட்டு, உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியின் உரிமையாளர் வீட்டுக்கு வந்தார். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். அவன் ஓர் ஆட்டோ ஓட்டுநரை அடிக்கும் காட்சி அதில் இடம்பெறக் கூடாது. அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

மகன் அந்த நிலையத்தின் முகமாக இருந்தான். ஆம்பூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாலைதோறும் அவனைப் பார்த்தார்கள். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, பாலாற்றில் இறங்கும் தோல் பதனிடும் ஷாப் கழிவு என்று எதுவானாலும் மேசையை அறைந்து கேட்பான். நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். குரலை உயர்த்தாமலே வகுப்பை நடத்தியவன். அவனுடைய அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று நானும் என் மனைவியும் சில சமயம் சிரித்துக்கொண்டதுண்டு.

ஒரு நாள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் ஆட்டோ அவன் காரின் கதவை உரசியது. அவன் இறங்கிப் போய் ஓட்டுநரைச் சட்டையோடு வெளியே இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். அவர் குனிந்தபோது முழங்காலால் முகத்தில் இடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் காக்கிச் சட்டையில் வழிந்தது. பின் இருக்கையில் அவருடைய மகள் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கைபேசியில் எடுத்த அந்தப் படத்தில் அவளுடைய முகம் தெரியும், அலறல் கேட்கும்.

ஊர் கொதித்தது. நிலையம் முதலில் செய்தது, துணிக்கடை விளம்பரத்துக்கும் இரங்கல் அறிவிப்புக்கும் நடுவே, திரையின் அடியில் ஒரு வரி ஓடவிட்டதுதான்: பணி நேரத்துக்கு வெளியே நடப்பவற்றுக்கு நிலையம் பொறுப்பாகாது. அது எடுபடவில்லை என்றதும், அவன் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இடைவெளியில் உரிமையாளர், வந்த அழைப்புகளை எடைபோட்டார்.

"திட்றவங்க கம்மி சார்," என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். "ஆட்டோக்காரனுங்களுக்கு இது வேணும்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. பேஜார் பண்ணிக்காதீங்க. வரச் சொல்லிட்டேன்."

மகன் திரும்பிப் போய் நேரலையில் மன்னிப்புக் கேட்டான். கேட்கும்போது அவனுக்குப் பின்னால் அந்த அடி ஓடிக்கொண்டே இருந்தது. அதுவரை அதைப் பார்க்காதவர்களும் அன்று பார்த்தார்கள். ஏன் காட்டினீர்கள் என்று கேட்டேன். எதற்காக மன்னிப்பு என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று உரிமையாளர் திருப்பிக் கேட்டார். அதில் ஒரு தர்க்கம் இருந்தது.

அடுத்த வாரம் அந்த ஓட்டுநரையே அரங்குக்கு அழைத்து வந்தார்கள். ஒளிவிளக்குகளுக்குக் கீழே நிறுத்தி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மகன் கட்டித் தழுவினான். அவருடைய கைகள் பொன்னாடைக்குள்ளேயே இருந்தன. பிறகு கன்னத்தில் விழுந்த அறையையும் தழுவலையும் ஒட்டி, அறையை மட்டும் வேகம் குறைத்து, மகனுடைய நிகழ்ச்சிக்கு விளம்பரம் தயாரித்தார்கள். அது நாள் முழுவதும் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பியபோது அந்த ஓட்டுநர் எங்கள் வாசலில் நின்றிருந்தார். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து சேர்ந்திருந்தது. உள்ளே அழைத்தும் வரவில்லை.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது சார். அது கத்துன மாதிரியே பசங்க கத்திக் காட்டுதுங்களாம். அந்த சீன எடுத்துடச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்."

அவர் முன்னிலையிலேயே உரிமையாளரை அழைத்துச் சொன்னேன். எடுத்துவிடலாம் என்றார். மறுநாளும் ஓடியது. நேரில் போனேன், தலையை ஆட்டினார். மகனிடம் சொன்னேன். "அது என் கையில இல்ல டாடி," என்றான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

பேரணாம்பட்டு சாலையில், காலணி அடிப்பாகம் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அரங்கு. அதன் படிக்கட்டில் மகன் இறங்கி வரும்போது அந்த ஓட்டுநர் ஜாக்கிக் கம்பியோடு காத்திருந்தார். முதல் அடி தாடையில் விழுந்தது. விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையை நான் முழுவதும் படித்தேன். படிக்கப் பழகியவன் என்பதால் படித்தேன். அடையாளம் காட்டச் சொன்னபோது முகத்தில் காட்ட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வலது கையைப் பார்த்துத்தான் என் மகன் என்றேன்.

கம்பியைப் படியில் வைத்துவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்தாராம். கூட்டம் அவரை உதைத்தபோது தலையைக்கூட மறைத்துக்கொள்ளவில்லையாம். நிலையத்தின் ஒளிப்பதிவாளர் அதையும் படம் எடுத்தார். காவலர்கள் இழுத்துப் போகையில் அவர் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது: "அவுரு அடிச்சது ஒரு தபா சார். இவங்க தெனமும் அடிச்சாங்க."

கல்லறைத் தோட்டத்தில் மண் போடுவதை நேரலையாகக் காட்டினார்கள். அன்று மாலை அறை, தழுவல், சவப்பெட்டி என்று வரிசையாக ஓடியது.

நினைவு நாள் நிகழ்ச்சியில் பேச அழைத்தும் நான் போகவில்லை. வீட்டில் தொலைக்காட்சியைப் போடவும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேறு வேறு செட்டாப் பெட்டி. ஒன்றுக்கு ஒன்று ஒலி பிந்தி வரும். முதலில் இடப்பக்கத்து வீட்டிலிருந்து அந்த அறை கேட்டது. பிறகு எதிர்வீட்டிலிருந்து. பிறகு பின்தெருவிலிருந்து. ஒவ்வொன்றின் பின்னும் அந்தச் சிறுமி அலறினாள். நான் கூடத்தில் நின்றிருந்தேன். அவள் வீட்டுச் சுவருக்கு அப்பாலும் இது கேட்கும் என்ற எண்ணம், எவ்வளவு தள்ளியும் போகவில்லை.

ஓட்டுநரின் வழக்கறிஞர் முன்பே என்னைச் சந்தித்திருந்தார். காட்சியை நீக்கும்படி ஓட்டுநர் என்னிடம் கேட்டதையும், நான் நிலையத்திடம் சொன்னதையும் சாட்சிக் கூண்டில் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். என் மகனைக் கொன்றவனுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த மனிதரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. சிறையில் அவர் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

நினைவு நாளுக்கு மறுநாள் காலையில் நான் தொலைபேசியை எடுத்தபோது மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"அவனுக்காகவா பேசப் போறீங்க?"

"அவன் கேட்டதைச் சொல்லப் போறேன். அவங்க எடுக்கலன்றதையும்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள்.

"சொன்னா, டிவில நம்ம புள்ள அடிக்கிற கைய காட்டாம இருப்பாங்களா?"

தெரியாது என்றேன். அவள் எழுந்து போகவில்லை. நான் வழக்கறிஞரின் எண்ணை அழுத்தினேன்.