சரோஜாவின் வேனில் யாருடைய முகவரி?

போன சனிக்கிழமை காலை, எங்கள் காஜா பேராங் வீதியில் சரோஜா தன் வேனைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கையில் தோசைக்கரண்டி.

சரோஜா என் பக்கத்து வீடு. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். வேனின் இரண்டு பக்கமும் அவருடைய இணையதள முகவரி, முழ நீளச் சிவப்பு எழுத்தில். தம்பி குணா போட்டுக் கொடுத்தது. இணையப் பெயரும் பிரீ, பக்கங்களை வைக்கும் இடமும் பிரீ.

முந்தின நாள் ஆயர் குரோவில் ஒரு பெண் வீட்டார் மெனு பார்க்க அந்த முகவரியைத் திறந்திருக்கிறார்கள். கூடத்தில் சம்பந்திகள் வேறு. திரையில் வந்தது... சூதாட்டம். எண்ணூறு பேர் சாப்பாடு ரத்து.

நானும் திறந்து பார்த்தேன். எண்ணினேன் — பதினோரு விளம்பரங்கள். சாம்பாரைக் காணோம்.

"என்னடா இது?" என்றேன் குணாவிடம்.

"பிரீ பேரு அங்கிள். நெறைய பேரு வந்து பாத்தா, குடுத்த அவங்களே அந்தப் பேரத் திரும்ப எடுத்துக்குவாங்களாம்லா. கண்டிஷன்ல போட்டிருக்கு."

"படிச்சியா?"

"அதெல்லாம் யாரு அங்கிள் படிப்பா?"

சரோஜா சுரண்டிக்கொண்டே கேட்டார்: "எம்பேரு ஊரெல்லாம் நாறுது. யாருடா அந்த 'அவங்க'? ஒரு போன் நம்பராச்சும் இருக்கா?"

இல்லை.

எனக்கு வந்த கோபம் நம் எல்லார் மேலும்தான். நம்மில் எத்தனை பேர் ரப்பர் தோட்டத்தில், துரை கொடுத்த பிரீ வீட்டில் பிறந்தோம்? வாடகை கிடையாது. என் அப்பா ஒழுகிய கூரையை மாற்றினார், வேலி கட்டினார், வாசலில் மூன்று பலா வைத்தார். சுதந்திரம் வந்த சில வருடங்களில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். காலி பண்ணச் சொன்னார்கள். பலாவைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? மூன்றும் காய்த்து நின்றன.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று மறுபடியும் அடுத்தவன் மண்ணில் மரம் வைக்கிறார்கள்! ஒரு கல்யாணத்துக்குச் சரோஜா வாங்கும் தேங்காய்ச் செலவுகூட ஆகாது, சொந்த இணையப் பெயரை ஒரு வருடம் வைத்துக்கொள்ள. அதைத் தம்பி பெயரில் எழுதாதீர்கள், உங்கள் பெயரில் எழுதுங்கள். வருடா வருடம் மறக்காமல் கட்டுங்கள். இணையத்தில் போட்ட படங்களுக்கு வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

அன்று மாலையே சரோஜா சொந்தப் பெயர் வாங்கிவிட்டார்.

"இடம் மட்டுமாச்சும் பிரீயா பாப்போமாக்கா..." என்றான் குணா.

சுரண்டிக்கொண்டிருந்த தோசைக்கரண்டி அவன் பக்கம் திரும்பியது. அவன் வேனின் மறுபக்கம் போய்விட்டான்.

வேனைச் சுரண்டியாயிற்று. ஆனால் வாடிக்கையாளர்களுக்குச் சரோஜா கொடுத்த காலண்டர் இன்னும் நானூறு வீட்டுச் சுவர்களில் பழைய முகவரியோடு தொங்குகிறது. யார் திறந்தாலும் அங்கே சூதாட்டம்தான் பரிமாறுகிறார்கள்... அதுவும் பிரீதான்.