அரக்கு வயிற்றுக்காரி

இதய டாக்டர்கள் கிளினிக்கில் ஏன்தான் மீன்தொட்டி வைக்கிறார்களோ, தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் பிரஷர் குறையுமாம். போன வாரம் இடது தோளில் வலி என்று போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். டோக்கன் கூப்பிடுகிற பெண்ணுக்கு என்மேல் என்ன கோபமோ, எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். சண்டை போடவும் தெம்பில்லை. எதிரே இருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் செடிக்குப் பின்னாலிருந்து விரல் நீளத்தில் ஒரு மீன் எட்டிப் பார்த்தது. வயிறு நல்ல அரக்குச் சிவப்பு. அடிப்பாவி, நீயா!

சிக்லிட் வகையில் இது குட்டை ஜாதி. எழுபதுகளில், வாலாஜாபாத் ரைஸ் மில்லில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டில் இதில் ஒரு ஜோடி வாங்கினேன். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் வந்தேன். "இதுல குஞ்சு எடுக்கறதெல்லாம் நம்மளால ஆவாதுபா" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை போதாதா? மில்லில் என்னை யாரும் மனிதனாகக்கூட மதிக்காத காலம் அது. குஞ்சு எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். எவ்வளவு பெரிய லட்சியம் பாருங்கள்.

வீட்டில் நைனா தறியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா அது, துன்ற மீனா?"

"வளக்கறது நைனா."

"சைஸுதான் சின்னதா இருக்குது. கலரு நல்ல அரக்கு. சாயம் போவாதில்ல?"

அன்றைக்கே அவள் பெயர் அரக்கு வயிற்றுக்காரி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் கூடம் என்று தனியாக எதுவும் கிடையாது. தறி இருந்த இடம்தான் கூடம். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசனையும், தொட்டிக்குள் ஈர மணலின் பாசி வாசனையும் ஒன்றாகக் கலந்திருக்கும். இன்றைக்கும் ஒரு வாசனை வந்தால் மற்றதையும் என் மூக்கு தேடும். தொட்டியைச் சுவரோரம் ஸ்டூலில் வைத்திருந்தேன். நைனா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் தொட்டித் தண்ணீர் நடுங்கும்.

அதுதான் வினை. கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிக்குள் அவள் முட்டையிட்டு, துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் இருப்பாள். ஆண் வாசலில் நிற்கும். இந்த ஜாதிக்குப் பயம் வந்தால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். முதல் தடவை முட்டை காணாமல் போனபோது தொட்டியில் இருந்த நத்தையைச் சந்தேகப்பட்டேன். அடுத்த தடவை கண்ணாலேயே பார்த்தேன். தறி அடிக்க அடிக்க அவள் மிரண்டு மிரண்டு எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"நைனா, ஒரு வாரம் தறிய நிறுத்தினா..."

"மீனுக்குப் பிரசவம்னு தறிய நிறுத்தணுமா? நல்லா இருக்குதுடா உன் நாயம்! முதலாளி கேட்டா இன்னா சொல்றது? அமாவாசைக்குத்தான் தறிக்கு லீவு. அன்னிக்கி முட்ட போடச் சொல்லு அவள."

அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மறுபடியும் முட்டையிட்ட அன்று காலை தறிச் சத்தம் கேட்கவில்லை. நைனா தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். "தோளு வலிக்குதுடா. ஒரு வாரம் ஆவும்போல" என்று தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். முதலாளியின் ஆள் வந்து கேட்டபோது இடது கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கவே முடியலபா" என்று முகத்தைச் சுளித்தார். என்ன நடிப்பு! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கொல்லைப்புறம் ஓடிவிட்டேன்.

குஞ்சுகள் வந்தன. கசகசாவைத் தண்ணீரில் தூவினாற்போல அவள் பின்னாலேயே திரிந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார் நைனா. "டேய், ஒரு தெருவையே பெத்துப் போட்டுட்டாடா!" என்று பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வாரம் அப்புறம் வரவே இல்லை. ஒரு வாரம் முடிந்ததும் மறுபடி குழிக்குள் இறங்கினார்.

அதே வருஷம் ஆடி மாதம், நெய்துகொண்டிருக்கும்போதே தறிமேல் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, நைனாவின் அந்த நடிப்பைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடிப்பா? தை மாசத்துலேர்ந்தே வலிடா அது. வலிச்சிக்கினேதான் நெய்வாரு. ஒரு நாள் படுய்யான்னு நானும் தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாரா மனுஷன்? உன் மீனுக்குன்னு நிறுத்தினாரே, அந்த ஒரு வாரந்தான் அந்தக் கை சும்மா இருந்துச்சு."

தறியைக் கொடுத்துவிட்டோம். குழியை மூடி சிமென்ட் பூசியாயிற்று. பல வருஷம் கழித்து மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. தறி போன பிறகு வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. நிம்மதியாக முட்டையிட்டிருக்கலாம், ஆனால் அவள் இடவே இல்லை.

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். வலி எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். வெளியே வரும்போது தொட்டியைப் பார்த்தேன். அந்த வருஷம் இன்னும் நாலைந்து தடவை முட்டையிட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா அவள்.